ரெண்டு வண்டி பேரண்ட்ஸ்

பேரண்ட்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. இன்னைக்கு மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ளகூட அதைச் சொல்லும். ஆனா என் காதுபட யாராச்சும் சொன்னா எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். சும்மா எரிச்சல் இல்லை, பச்சை மிளகாயைக் கடிச்சுட்டுத் தண்ணி கிடைக்காம நிக்கிறவளோட எரிச்சல். அந்த ஒத்தை வார்த்தைக்கு மூணு தேசத்துப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு அர்த்தம் வெச்சுக்கிட்டு என் தலையைப் போட்டு உருட்டுனாங்க. அது பத்தாதுன்னு எங்க சனம் வேற.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த காலம். எங்க ஊரு அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவுல. அங்கேருந்து ரெண்டு ஊர் தள்ளி ஒரு கன்னியர் மடம் இருந்துச்சு. அதை ஒட்டிப் பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதுல எட்டாவது வரைக்கும் படிச்சுப் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டேன். எங்க வகையறாவுல பொட்டப்புள்ள எட்டாவது தாண்டுறது அதுதான் முதல் தடவை. தாண்டி என்ன பண்ணப் போறான்னு ஊரே கேட்டுச்சு. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்.

எனக்கு அப்பா இல்லை. நான் தத்தக்கா பித்தக்கான்னு நடக்கிற வயசுலயே அவரைப் பாம்பு தீண்டிடுச்சு. அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டுல இருந்தோம். பெரியப்பாவைக் கெட்டவர்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். சோத்துக்கோ துணிக்கோ அவர் குறை வெச்சதே இல்லை. ஆனா அந்த வீட்டுல எதுக்கும் அவர் ஒருத்தர்தான் வாய். மத்தவங்களுக்கெல்லாம் காது மட்டும்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளையை எனக்குப் பேசி வெச்சுட்டார். நிலபுலம் உள்ளவர்தான். பொண்டாட்டி செத்து ரெண்டு புள்ளைங்க. ஆவணியில கல்யாணம்னு முடிவு. பெரியம்மாகிட்ட மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னப்ப, "ரெண்டாந்தாரம்னா என்னடி இப்போ? அவங்க கெணத்துல கோடையிலயும் தண்ணி இருக்கு, அதைப் பாரு" அப்படின்னாங்க. கெணத்தையா கட்டிக்கப் போறேன்னு கேக்கணும் போல இருந்துச்சு. கேக்கலை. கேட்டா பல்லு போயிருக்கும்.

இன்னொரு வழியும் இருந்துச்சு. திருச்சியில பொம்பளைங்களை வாத்திச்சி ஆக்குற டிரெயினிங் ஸ்கூல். எட்டாவது பாஸ் பண்ணுனவங்க போய்ச் சேரலாம். சோறும் தங்குறதும் சர்க்கார் செலவு. படிச்சு முடிச்சா வேலை. வருஷத்துக்கு ஒருதரம் பள்ளிக்கூடங்களைப் பாக்க வர்ற இன்ஸ்பெக்ட்ரஸ்தான் அதுக்குப் புள்ளைங்களைத் தேர்ந்தெடுப்பாங்க. வெள்ளைக்காரி. அந்த வருஷம் எங்க பள்ளிக்கூடத்துலேருந்து என் ஒருத்தி பேரைத்தான் சொல்லியிருந்தாங்க.

இதை அம்மாகிட்ட மாட்டுக்கொட்டாயிலதான் சொன்னேன். எங்களுக்குன்னு இருந்த இடம் அது ஒண்ணுதான். அம்மா சாணி அள்ளுற கையோட நின்னுச்சு. "உங்கப்பாரு போனப்பவே நானும் போயிருக்க வேண்டியவ. உனக்காகத்தான் மூச்சை வெச்சுக்கிட்டிருக்கேன். ஒருத்தர் தட்டுல போடுறதைத் தின்னுக்கிட்டு நான் இருக்கிற மாதிரி நீ இருக்காத. போ, படி" அப்படின்னுச்சு. அதைப் பெரியப்பாகிட்டச் சொல்லேன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, மாட்டைப் பேசச் சொன்ன மாதிரி பார்த்துச்சு.

ஏன்னா எங்க பக்கத்து வழக்கம் அப்படி. புருஷனோட அண்ணனை மூத்தார்னு சொல்லுவோம். மூத்தார் இருக்கிற இடத்துல தம்பி பொண்டாட்டி உக்கார மாட்டா, எதிர்ல வர மாட்டா, குரல் கேக்கப் பேச மாட்டா. ஏதாச்சும் சொல்லியே ஆகணும்னா ஒரு புள்ளையைக் கூப்பிட்டு, "சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு" அப்படிம்பா. புள்ள இல்லைன்னா சுவத்துகிட்டச் சொல்லுவா. எங்கம்மா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை. பெரியப்பா அதைப் பெருமையாவே சொல்லுவார். "என் தம்பி சம்சாரம் குரல் ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது" அப்படிம்பார். கேக்குறவங்களும் ஆகா ஆகான்னு தலையை ஆட்டுவாங்க. எனக்கு ஆத்திரமா வரும்.

சரி, வார்த்தைக்கு வரேன். மடத்துக்குத் தலைவி ஒரு மதர், பிரெஞ்சுக்காரங்க. அந்த வாரம் அவங்களுக்கு முறைக்காய்ச்சல், கம்பளியைப் போத்திக்கிட்டுக் கிடந்தாங்க. அதனால இன்ஸ்பெக்ட்ரஸ் வர்ற விஷயத்தை என்கிட்டச் சொன்னது இத்தாலிக்கார சிஸ்டர். மருந்துக் கொட்டகையைப் பாத்துக்கிறவங்க. தங்கமான மனுஷி. யுத்தத்துல இத்தாலி எதிர்க்கட்சிங்கிறதால போலீஸ்காரன் வந்து பாத்துட்டுப் போவான், மடத்தைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு அவங்களுக்கு உத்தரவு. புண்ணுக்கு மருந்து கட்டுற கிழவியால சர்க்காருக்கு என்ன ஆபத்தோ, அது சர்க்காருக்குத்தான் வெளிச்சம்.

சிஸ்டர் இங்கிலீஷும் தமிழும் கலந்துதான் பேசுவாங்க. "இன்ஸ்பெக்ட்ரஸ் வரும்போது உன் பேரண்ட்ஸ் எல்லாரும் வரணும். வந்து சம்மதம் சொல்லணும்" அப்படின்னாங்க.

எல்லாருமா? எனக்கு இருக்கிறதே ஒண்ணுதானேன்னு முழிச்சேன். நான் ஒண்ணும் அவசரக்குடுக்கை இல்லை. நல்லா ஞாபகம் இருக்கு, நின்னு நிதானமாத்தான் கேட்டேன். "சிஸ்டர், எனக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும்தான்."

சிஸ்டர் சிரிச்சாங்க. "அப்பா, அம்மா வேற. அதுக்கு எங்க ஊர்ல வேற வார்த்தை. பேரண்ட்ஸ்னா மாமா, அத்தை, பெரியப்பா, சித்தப்பா. உன் குடும்பத்துல எத்தனை பேர்! உனக்கா பேரண்ட்ஸ் இல்லை?"

"அப்ப அம்மா வரணுமா, வேணாமா?"

"வந்தா சந்தோஷம். ஆனா பேரண்ட்ஸ் கட்டாயம் வரணும்."

பாத்துக்கிடுங்க. கேட்டுத் தெளிஞ்சுக்கிட்டேன். அதுதான் வினையாப் போச்சு. இத்தாலிய பாஷையில அந்த வார்த்தைக்குச் சொந்தபந்தம்னுதான் அர்த்தமாம். பெத்தவங்களுக்கு அந்த வார்த்தையே கிடையாதாம். இது எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷுல சொன்னாங்க, இங்கிலீஷ் அர்த்தம்னு நான் எடுத்துக்கிட்டேன். வெள்ளையா இருக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே இங்கிலீஷ்னுதானே நாம நினைச்சுக்கிட்டிருந்தோம்.

வீட்டுல வந்து அப்படியே ஒப்பிச்சேன். எங்க சனம் எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற சனம் ஆச்சே. துரைசாணி கூப்பிட்டுட்டாங்க, சொந்தபந்தம் மொத்தமும் வரணும்னு உத்தரவு. விடுவாங்களா? ஜெயங்கொண்டத்துலேருந்து அத்தை வந்தாச்சு. முந்திரித்தோப்புல காவல் இருந்த சித்தப்பா தோப்பைத் தெய்வத்துக்கு விட்டுட்டு வந்தாச்சு. அம்மாவோட அண்ணன், எங்க மாமா, உடையார்பாளையத்துலேருந்து வந்தார். வர்றதுக்கு முன்னாடியே தாய்மாமனுக்கு மாலை உண்டான்னு கேட்டு அனுப்புனவர் அவர். மாலை எதுக்கு? கல்யாணமா, காதுகுத்தா? பெரியம்மா புளிசாதம் கட்டி, பலாப்பழம் ஒண்ணையும் ஏத்தி, ரெண்டு வண்டி நிறைய ஆளுங்க கிளம்பியாச்சு.

அம்மா வரலை. யாரும் வாயேன்னு கூப்பிடவும் இல்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்ப வெள்ளைச்சீலை எதிர்ல வரக் கூடாது பாருங்க. வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் அம்மா மாட்டுக்கொட்டாய் பின்னாடி ஒதுங்கி நின்னுச்சு. பெத்த பொண்ணோட தலையெழுத்தைப் பேச ஊரே வண்டி கட்டிக்கிட்டுப் போவுது, பெத்தவ சாணிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறா. வண்டியிலேருந்து கொட்டாய்ப் பக்கமே திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா சிஸ்டர்தான் அம்மா கட்டாயம் இல்லைன்னு சொல்லிட்டாங்களேன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

பள்ளிக்கூடத்து வராந்தாவுல எங்க ஆளுங்க வரிசையா உக்காந்துட்டாங்க. இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தாங்க. ஒல்லியா, உசரமா, தொப்பி வெச்சுக்கிட்டு, கடிகாரத்தைப் பாத்துப் பாத்துப் பேசுற அம்மா. கூட்டத்தைப் பார்த்ததும் நின்னுட்டாங்க.

"யார் இவங்கெல்லாம்?"

"என் பேரண்ட்ஸ், மேடம்" அப்படின்னேன். எனக்குத் தெரிஞ்ச நல்ல இங்கிலீஷுலதான் சொன்னேன்.

"எல்லாருமா?"

"எஸ், மேடம்."

எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா தங்களைப் பத்தித்தான் பேச்சுன்னு புரிஞ்சு, ரெண்டு வண்டி ஆளும் ஒண்ணா எழுந்திரிச்சுக் கும்பிட்டாங்க. அத்தை பலாப்பழத்தைக் கொண்டுபோய் அந்தம்மா காலடியில வெச்சுச்சு. இன்ஸ்பெக்ட்ரஸ் மூஞ்சி செவந்துபோச்சு. தன்னைக் கிண்டல் பண்றோம்னு நினைச்சுட்டாங்க. "இதுல அப்பா யார், அம்மா யார்? அதை மட்டும் சொல்லு" அப்படின்னு அதட்டுனாங்க.

"அப்பா இறந்துட்டார் மேடம். அம்மா வீட்டுல இருக்காங்க."

"இத்தனை பேர் வந்து, வரவேண்டிய ஒரு ஆள் வரலையா?"

சிஸ்டரைப் பாத்தேன். சிஸ்டருக்கும் ஒண்ணும் புரியலை. "பேரண்ட்ஸ் எல்லாரும் வந்துட்டாங்களே, இன்னும் என்ன?" அப்படின்னு அவங்க கேக்க, எதிரி நாட்டுக்காரின்னு ஏற்கெனவே கடுகடுன்னு இருந்த இன்ஸ்பெக்ட்ரஸ் திரும்பக்கூட இல்லை. சத்தம் கேட்டுக் கம்பளியும் தானுமா எங்க மதர் எழுந்து வந்தாங்க. பஞ்சாயத்தைத் தீர்ப்பாங்கன்னு பார்த்தா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டுன கதையாப் போச்சு.

மதருக்கு என்னன்னா, பிரெஞ்சுல அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் உண்டு. பெத்தவங்களும் அதுதான், சொந்தக்காரங்களும் அதுதான். அதனால பெரியப்பாவைக் காட்டி, "இவரும் பேரண்ட்தான். வளர்க்கிறவர் இவர்தான். இவர் சொன்னாப் போதும்" அப்படின்னுட்டாங்க. நல்லது பண்றதா நினைப்பு. உடனே பெரியப்பாகிட்டத் தமிழ்ல கேட்டாங்க. "ஐயா, புள்ளையைத் திருச்சிக்கு அனுப்புறீங்களா?"

பெரியப்பா துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு மரியாதையாத்தான் சொன்னார். "அதுக்கில்லீங்க தாயி. புள்ளைக்கு ஆவணியில கல்யாணம். நேர்ல வந்து சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு வந்தோம்."

"பேரண்ட் சம்மதிக்கலை" அப்படின்னு மதர் இங்கிலீஷுல சொல்லி, கையை விரிச்சாங்க. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. என் கண்ணு முன்னாடி கதவைச் சாத்துறாங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம் இன்ஸ்பெக்ட்ரஸ்தான் விடலை. என்மேல இரக்கமான்னா, அதெல்லாம் இல்லை. சட்டம். "இவர் அங்கிள். அங்கிள் சொல்ற சம்மதமும் எனக்கு வேணாம், மறுப்பும் வேணாம். சட்டத்துல பேரண்ட்னு இருக்கு. பேரண்ட்னா அம்மா, இல்லைன்னா அப்பா. வேற யாரும் இல்லை" அப்படின்னாங்க. மதர் அதுக்கு ஒண்ணு சொல்ல, இவங்க ஒண்ணு சொல்ல, நடுவுல இத்தாலிக்கார சிஸ்டர், "அப்பா அம்மாவை எதுக்கு இதுல இழுக்குறீங்க?" அப்படின்னு புதுசா ஒண்ணைக் கிளப்ப, வராந்தா சந்தைக்கடை ஆயிடுச்சு. எங்க சனம் வெள்ளைக்காரிங்க சண்டை போடுறதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டிருந்துச்சு. சித்தப்பா புளிசாதத்தைக்கூடப் பிரிச்சுட்டார்.

ரொம்ப வருஷம் கழிச்சு, பாஷை படிச்ச ஒரு பாதிரியார்கிட்ட இந்த வார்த்தையோட வேர் என்னன்னு நான் கேட்டிருக்கேன். லத்தீன்லேருந்து வந்த வார்த்தையாம் அது. லத்தீன்ல அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? பெத்த ஆள். பிரசவிக்கிறதுங்கிற சொல்லுலேருந்து பிறந்த வார்த்தை. அங்கேருந்து கிளம்பி ஒவ்வொரு தேசமாப் போயி, இங்கிலீஷ்காரன்கிட்ட அப்பா அம்மாவா நின்னுடுச்சு. பிரெஞ்சுக்காரன் சொந்தத்தையும் அதுல சேத்துக்கிட்டான். இத்தாலிக்காரன், ஸ்பெயின்காரன், போர்த்துகீசியன் மூணு பேரும் பெத்தவங்களையே வெளிய தள்ளிட்டுச் சொந்தக்காரங்களை உள்ள வெச்சுக்கிட்டாங்க. ருமேனியாவுல பெத்தவங்களுக்கும் அதுதான், மாதாகோயில் பாதிரியாரைக் கூப்பிடுறதுக்கும் அதுதானாம். கேட்டப்ப எனக்குச் சந்தோஷம் வரலை, கோவம்தான் வந்துச்சு. அந்த மதரும் சிஸ்டரும் தினம் காலையில எழுந்து முழங்கால் போட்டு லத்தீன்லதானே செபம் சொன்னாங்க? ஒருத்திக்காச்சும் அன்னைக்கு அந்த வேர் ஞாபகம் வந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா? பெத்தவங்கன்னு தமிழ்ல நாம சொல்றோமே, நூலு பிடிச்ச மாதிரி அதேதான் அது. அந்த வராந்தாவுல ஒருத்தர் தமிழ்ல யோசிச்சிருந்தாக்கூட ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

நம்ம லட்சணம் மட்டும் வாழுதாக்கும்! பெரியப்பாவும் அப்பா, சித்தப்பாவும் அப்பா, பெரியம்மாவும் அம்மா, சின்னம்மாவும் அம்மா. கேக்க இனிப்பாத்தான் இருக்கு. பத்து அப்பனுக்கு நடுவுல பெத்தவளை மட்டும் எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான்.

கடைசியில இன்ஸ்பெக்ட்ரஸ் கடிகாரத்தைப் பாத்தாங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அரியலூர் டிராவலர்ஸ் பங்களாவுல இருப்பாங்களாம். அதுக்கு மேல ரயிலேறிடுவாங்களாம். அதுக்குள்ள அம்மா நேர்ல வந்து சரின்னு சொன்னா என் பேரைச் சேத்துக்குவாங்க. இல்லைன்னா இல்லை. அடுத்த வருஷம் பாக்கலாமேன்னு மதர் கேட்டாங்க. அடுத்த வருஷம் எனக்குப் பெரம்பலூர்ல ரெண்டு புள்ளைங்க இருக்கும்னு அவங்களுக்கு யார் சொல்றது?

வீட்டுக்கு வந்ததும் பெரிய ரகளை. தாலி அறுத்தவ போய்த் துரைசாணி முன்னாடி நிக்கிறதாவதுன்னு அத்தை மாருல அடிச்சுக்கிச்சு. மாமா கம்முன்னு வெத்தலை போட்டுக்கிட்டிருந்தார். கூடப்பிறந்தவளுக்காக ஒரு வார்த்தை பேசுவார்னு அவர் வாயையே பாத்தேன். வெத்தலைதான் மென்னார். பெரியப்பா மட்டும் சத்தம் போடலை. யோசிச்சுட்டு, "வரட்டும்" அப்படின்னார்.

"சர்க்கார் கூப்பிட்டும் போகலைன்னா நமக்குத்தான் பொல்லாப்பு. வந்து நிக்கட்டும். என்னைக்கு வாயைத் திறந்திருக்கு, நாளைக்குத் திறக்க? ஒண்ணும் சொல்லாது. சொல்லலைன்னா அந்தம்மா ரயிலேறிப் போயிடும். நம்ம மேலயும் குத்தம் இல்லை."

அவர் கணக்குல தப்பே இல்லை. எனக்கும் அதேதான் பயம். அன்னைக்கு அம்மாகிட்ட நான் ஒண்ணும் கேக்கலை.

விடிகாலையில ஒரு வண்டி மட்டும் கிளம்புச்சு. பெரியப்பாவும் சித்தப்பாவும் முன்னால. நானும் அம்மாவும் பின்னால, வைக்கோல் மேல. மதருக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சு, மொழிபெயர்க்க அவங்களும் பங்களாவுக்கு வந்திருந்தாங்க. வந்தவங்க சும்மா இருந்திருக்கலாம். பெரியவராச்சேன்னு பெரியப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த ரூமுக்குள்ளயே உக்கார வெச்சுட்டாங்க. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அவரை வெளிய இருக்கச் சொல்லுங்கன்னு எந்த வாயால சொல்றது? அவர் போட்ட சோத்தைத் தின்ன வாயாச்சே.

அம்மா உள்ள வரலை. கதவுக்குப் பின்னால நின்னுச்சு. முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருந்துச்சு. இன்ஸ்பெக்ட்ரஸுக்குச் சீலை முந்திதான் தெரிஞ்சிருக்கும்.

மதர் கேட்டாங்க. "அம்மா, உங்க பொண்ணை டிரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்புறீங்களா?"

ஒரு சத்தமும் இல்லை. பெரியப்பா விட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். மதர் திரும்பவும் கேட்டாங்க. அப்பத்தான் கதவுக்குப் பின்னாலேருந்து என் சீலையைப் பிடிச்சு இழுத்து, மூச்சுக்காத்து மாதிரி ஒரு குரல், "சரின்னு சொல்லு" அப்படின்னுச்சு.

எனக்கு உசுரு வந்துச்சு. "அம்மா சரின்னு சொல்றாங்க, மேடம்!" அப்படின்னு கத்தியே சொன்னேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் தலையை ஆட்டிட்டாங்க. "நீ சொல்றதை நான் எடுத்துக்க மாட்டேன். உனக்கு வேணும்கிறதை நீ சொல்லுவே. பேரண்ட் சொல்லணும்."

"அவங்கதான் மேடம் சொன்னாங்க. எங்க வழக்கம் இது. இவர் இருக்கிறப்ப அவங்க பேச மாட்டாங்க."

"அவங்களே சொல்லணும். எனக்குக் கேக்கணும்."

மதருக்காச்சும் எங்க வழக்கம் தெரியுமேன்னு அவங்களைப் பாத்தேன். அவங்க ஏதோ சொல்லத்தான் பாத்தாங்க, இன்ஸ்பெக்ட்ரஸ் கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. அந்த வெள்ளைக்காரியை அப்ப நான் வெறுத்த மாதிரி அதுக்கப்புறம் யாரையும் வெறுத்ததில்லை. நேத்து வரைக்கும் பெத்தவ எங்க, பெத்தவ எங்கன்னு கேட்டே. கூட்டிக்கிட்டு வந்துட்டேன். இப்ப அவ குரல் வேணும்கிறே. இன்னும் என்னதான்டி வேணும் உனக்கு?

பெரியப்பா எழுந்திரிச்சார். "அதான் ஒண்ணும் சொல்லலையே. நாங்க வரோமுங்க" அப்படின்னு துண்டை உதறித் தோளுல போட்டார்.

அம்மா கதவுக்குப் பின்னாலேருந்து வெளிய வந்துச்சு. முக்காட்டை எடுக்கலை. தலையைத் தூக்கவும் இல்லை. தரையைப் பாத்துக்கிட்டு ரூமு நடுவுல வந்து நின்னுச்சு. குரல் நடுங்கலை.

"நாந்தாம்மா இவளைப் பெத்தவ. படிக்கப் போவட்டும். நான் அனுப்புறேன்."

பெரியப்பா அப்படியே நின்னுட்டார். அந்தக் குரலை அவர் கேக்குறது அதுதான் முதல் தடவை. அவர் மூஞ்சியில கோவம் வர்றதுக்கு முன்னாடி ஒரு மாதிரி திகைப்பு வந்துச்சு. சின்னப்புள்ள மாதிரி சித்தப்பாவைத் திரும்பிப் பாத்தார். அப்புறம்தான் கோவம். அம்மாவைப் பாத்துப் பேசலை, பொதுவாத்தான் கேட்டார். "என் வூட்டுல இருந்துக்கிட்டா?"

அம்மா அவரைப் பாத்துத் திரும்புச்சு. புள்ளையைக் கூப்பிடலை. சுவத்துகிட்டயும் சொல்லலை.

"வூடு உங்களுது. புள்ள என்னுது."

மதர் அதை மொழிபெயர்க்கலை. இன்ஸ்பெக்ட்ரஸும் கேக்கலை. தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு என் பேரை எழுதிக்கிட்டாங்க. இங்கிலீஷுல என்னமோ சொல்லி அம்மாவுக்குக் கை கொடுக்க வந்தாங்க. அதை எப்படி வாங்குறதுன்னு தெரியாம அம்மா ரெண்டு கையாலயும் கும்பிட்டுச்சு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. சந்தோஷமா, பயமா, ஒண்ணும் பிரிச்சுச் சொல்லத் தெரியலை.

நாங்க வெளிய வந்தப்ப வாசல்ல வண்டி இல்லை. தூரத்துல, செம்மண் ரோட்டுல புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் போயிக்கிட்டிருந்துச்சு. சித்தப்பா திரும்பிப் பாத்துக்கிட்டே போனார், ஆனா நிறுத்தச் சொல்லலை. மதர் மாட்டுவண்டி ஒண்ணு பிடிச்சுத் தரேன்னாங்க. அம்மா வேண்டாம்னுடுச்சு.

நடந்தோம். ஆனி மாசத்துக் காத்து புழுதியை வாரி மூஞ்சியில அடிக்குது. கண்ணைத் திறக்க முடியலை. அம்மா முன்னால நடந்துச்சு, முக்காடு தோள்ல விழுந்து கிடந்ததை இழுத்து விடக்கூட இல்லை. ரொம்ப தூரம் வந்தாச்சு. அப்புறம் திரும்பாமலே கேட்டுச்சு.

"நான் பேசுனது அந்தம்மாவுக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சும்மா."

"பெரியவருக்கு?"

"அவருக்கு இன்னும் நல்லாவே வெளங்கியிருக்கும்" அப்படின்னேன். சிரிக்கும்னு நினைச்சேன். சிரிக்கலை.

"அப்ப இன்னைக்கி ராத்திரி எங்க படுக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே வா" அப்படின்னுட்டு, நடையை எட்டிப் போட்டுச்சு.